பதினான்கு வான்கதவுகள்

இலங்கையின் வன்னியில் சின்னக் குளங்கள் பலவற்றில் வான் என்பது குளக்கட்டில் கொஞ்சம் தாழ்த்திவிட்ட ஓர் இடம், அவ்வளவுதான். கதவில்லை, சக்கரமில்லை. நீர் ஏறினால் தானாக வான் பாயும். இறுகிப்போக அங்கே எதுவுமில்லை. பழுதைத் தாங்கும் கட்டுப்பாட்டமைப்பு என்று பொறியியல் இன்று தேடுவதில் ஒரு பாதி அந்தக் கதவில்லாத வானில் அன்றே இருந்தது. ஆனால் வான்மட்டத்துக்கு மேல் ஓரங்குல நீரையும் அதில் மறிக்க முடியாது. பெருமழை வருகிறதென்று தெரிந்தாலும் அந்த வானால் முன்கூட்டியே நீரை இறக்க முடியாது.

கதவுள்ள குளங்களில் கையால் சக்கரம் சுற்றித் தூக்குவார்கள். திருகுதண்டு துருவேறி இறுகினால் முதலில் தெரிவது சுற்றுகிறவரின் கைக்குத்தான். பிறகென்ன, அடுத்த கதவைத் தூக்குவார்கள். கமக்காரர் மண்மூட்டையோடு கட்டுக்கு ஓடுவார்கள். பழுதைக் கண்டறிவதும் அதற்கு ஈடுகட்டுவதும் மனிதர்களிடமே இருந்தன.

இரணைமடுக் குளம் இவற்றையெல்லாம் விடப் பெரியது. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920 அளவில் நிறைவேறியது. போருக்குப் பின் நடந்த புனரமைப்பில் நீர்மட்டம் 36 அடியாக உயர்ந்தது. வான்கதவுகள் பதினான்கு. 2018 டிசெம்பர் 21, 22இல் கொட்டிய மழையில் அத்தனையும் திறக்கப்பட்டன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. கதவுகளைப் பிந்தித் திறந்தார்களா என்ற கேள்வி எழுந்து விசாரணை வரை போனது.

யாரைக் குற்றம் சொல்வது என்பதை விட அமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதே எனக்குப் பெரிய கேள்வி. மோட்டாரால் தூக்கும் ஒரு கதவை நினைத்துப் பாருங்கள். மோட்டார் சுழல்கிறது, கம்பிவடம் அறுந்திருக்கிறது. உணரி மோட்டாரில் மட்டும் இருந்தால் 'திறந்தாயிற்று' என்றே பலகை காட்டும். குளத்தில் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். கணக்குக்கு மிஞ்சி மட்டம் ஏறுவது மழை கூடியதாலா, கதவு பாதியில் நின்றதாலா? வெளியிலிருந்து வரும் குழப்பமும் உள்ளே நேரும் பழுதும் இங்கே ஒரே அறிகுறியைத்தான் காட்டுகின்றன. இவற்றைப் பிரித்தறிவதுதான் பழுதைத் தாங்கும் கட்டுப்பாட்டுத் துறையின் கடினமான வேலை. அதனால் உணரியை மோட்டாரில் அல்ல, கதவிலேயே பூட்டவேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் நீரையும் தனியாக அளக்கவேண்டும். இந்த மழைக்கு, இத்தனை கதவு திறந்திருந்தால், மட்டம் இவ்வளவுதான் ஏறவேண்டும் என்று கணினி இடைவிடாமல் கணக்கிட்டு, உண்மை மட்டத்தோடு ஒப்பிடவேண்டும். ஐந்தாம் கதவு நின்றுவிட்டதென்று உறுதியானால் அதன் பங்கை மற்றப் பதின்மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்கவேண்டும்.

நின்றுபோனதன் வேலையை மிஞ்சியவற்றிடம் கொடுக்கும் இந்தப் பாடத்தை விமானத்துறை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1989இல் யுனைட்டட் 232 விமானத்தின் வால் எஞ்சின் வெடித்து, மூன்று ஹைட்ரோலிக் தொகுதிகளும் ஒருசேரப் போயின. இறக்கையிலும் வாலிலுமுள்ள சுக்கான்கள் செத்துவிட்டன. மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் உந்துவிசையைக் கூட்டியும் குறைத்துமே விமானிகள் அமெரிக்காவின் சூ சிற்றி வரை கொண்டுவந்தார்கள். தரையிறங்குகையில் விமானம் உடைந்தது. ஆனாலும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்த விமானிகள் கையால் செய்ததைக் கணினிக்குக் கற்பித்து, எஞ்சின் விசையால் மட்டுமே எம்டி-11 விமானம் ஒன்றை 1995இல் நாசா பத்திரமாக இறக்கிக் காட்டியது.

ஆனால் எந்தக் கணினிக்கும் ஓர் எல்லை உண்டு. இரணைமடுவின் பதினான்கு கதவுகளும் முழுதாகத் திறந்தபின் கட்டுப்படுத்த எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு முரசுமோட்டைக்கும் பன்னங்கண்டிக்கும் கண்டாவளைக்கும் எவ்வளவு நீர் போகும் என்பதை மழைதான் முடிவு செய்யும். மழைக்கு முன்பே குளத்தில் இடம் ஒழித்து வைத்திருந்தால்தான் தப்பலாம். அப்படி இறக்கிய நீருக்கு ஈடாக மழை வராவிட்டால் சிறுபோகம் சுருங்கும். மட்டத்தை இறக்கக் கமக்காரர் தயங்குவதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது அவர்களுடைய அடுத்த போகம்.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இரணைமடுவுக்கு அருகே, அறிவியல்நகரில் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுக்கூடம் எங்கே கிடைக்கும்? பெருமழை இரவில் இரண்டு கதவுகள் நின்றுவிட்டால் குளத்தில் எத்தனை அடி வெறுமையாக இருந்திருக்கவேண்டும் என்ற கணக்கை அவர்களால் போட முடியும். அந்தக் கணக்கைக் காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் ஒன்றாக இருந்து பேசவேண்டும். மழை தொடங்கியபின் பேச நேரமிருக்காது.