பிறர் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள்

விடுமுறை நெருங்கினால் செம்பூரில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழும். ஒன்று, ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைத்ததா என்பது. மற்றொன்று, பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ பிள்ளை கொண்டுவந்து நீட்டும் முகாம் படிவம். சஹ்யாத்ரி மலையில் கோட்டை ஏறுதல், இமயமலைப் பக்கம் பத்து நாள் முகாம் என்று அதில் ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். கீழே பெற்றோர் கையொப்பத்திற்கு ஓர் இடம் விட்டிருக்கும். அப்பா பணத்தைக் கணக்குப் பார்ப்பார். அம்மா சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பார். பாட்டி, "எதற்கு இந்த வீண் வம்பு?" என்பார். அழைத்துச் செல்பவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்ற கேள்வியைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதை உணர, நாம் சற்றுத் தொலைவு போக வேண்டியிருக்கிறது. ஆர்க்டிக் எனப்படும் வட துருவப் பகுதிக்குப் பள்ளி மாணவர்களை விஞ்ஞான ஆய்வுப் பயணமாக அழைத்துச் செல்லும் வழக்கம் மேல்நாடுகளில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. பனியாறு எவ்வளவு உருகியிருக்கிறது என்று அளப்பது, செடிகொடிகளையும் பறவைகளையும் கணக்கெடுப்பது, வெப்பநிலையைக் குறித்து வைப்பது ஆகியவை அந்த மாணவர்களின் பணி. அவர்களை அழைத்துச் சென்ற தலைவர்களின் வரலாற்றில் நமக்கும் பாடம் இருக்கிறது.

பனிக் குகையில் ஒரு மருத்துவர்

இத்தகைய பயணங்களுக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் மரே லெவிக் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்துக் கடற்படையில் மருத்துவர். தென் துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் மாண்ட கேப்டன் ஸ்காட்டின் 1910-1913 பயணத்தில் இவரும் ஒருவர். ஸ்காட் துருவம் நோக்கிச் சென்றபோது, லெவிக் உள்ளிட்ட ஆறு பேர் வேறொரு கடற்கரையில் ஆய்வு செய்துகொண்டிருந்தனர். அவர்களை அழைத்துச் செல்ல வரவேண்டிய கப்பல் 1912 பிப்ரவரியில் பனிக்கட்டிகளால் தடுக்கப்பட்டு வர முடியாமல் போயிற்று. கையில் இருந்ததோ சில வாரங்களுக்கான உணவுதான். முன்னால் இருந்ததோ சூரியனே எழாத துருவக் குளிர்காலம்.

ஆறு பேரும் உறைபனியைக் குடைந்து ஒரு குகை அமைத்தார்கள். நம் மும்பையின் ஒற்றை அறைக் குடித்தனத்தைவிடச் சிறிய இடம் அது. நிமிர்ந்து நிற்கக்கூட உயரமில்லை. சீல், பென்குவின் ஆகியவற்றின் இறைச்சியே உணவு. அவற்றின் கொழுப்பை எரித்த விளக்கே வெளிச்சம். எஞ்சியிருந்த சர்க்கரையும் உலர் திராட்சையும் எண்ணிப் பங்கிடப்பட்டன. குழுவின் தலைவரான விக்டர் கேம்பெல் குகையின் தரையில் ஒரு கோடு கிழித்தார். ஒரு பக்கம் அதிகாரிகள் மூவர், மறுபக்கம் மாலுமிகள் மூவர். ஒரு பக்கத்தில் பேசியது மறுபக்கத்தார் காதில் விழவில்லை என்றே கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நெருக்கமான இடத்தில் மனிதர்களுக்குள் மனத்தாங்கல் வராமல் காக்க அவர் கண்ட எளிய வழி அது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வயிற்று நோய் அவர்களை வாட்டியது. மருத்துவரான லெவிக்கின் பொறுப்பு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1912 செப்டம்பர் இறுதியில் குகையை விட்டுப் புறப்பட்டு, நவம்பர் 7ஆம் தேதி ஆறு பேரும் உயிருடன் தளம் வந்து சேர்ந்தனர். வந்த பிறகுதான் ஸ்காட் குழுவினர் திரும்பவில்லை என்ற செய்தி அவர்களுக்குத் தெரிந்தது.

இந்த லெவிக்தான் இருபது ஆண்டுகள் கழித்து, 1932இல், பள்ளி மாணவர்களை இத்தகைய பயணங்களுக்கு அழைத்துச் செல்லும் சங்கம் ஒன்றை லண்டனில் தொடங்கினார். முதல் பயணம் பின்லாந்துக்கு. அந்தச் சங்கம் பெயர் மாறினாலும் இன்றும் இயங்கி வருகிறது. 2000ஆம் ஆண்டில் கனடாவில் ஜெஃப் கிரீன் என்பவர் இதேபோல மாணவர்களைத் துருவப் பகுதிகளுக்குக் கப்பலில் அழைத்துச் செல்லும் அமைப்பைத் தொடங்கினார்.

திருப்பி அனுப்பப்பட்ட சிறுவன்

மாணவரைப் பனி உலகுக்கு அழைத்துச் செல்லும் எண்ணம் லெவிக்குக்கு முன்பே எர்னஸ்ட் ஷாக்கில்டனுக்குத் தோன்றியிருந்தது. 1921இல் அவர் தென் துருவக் கடலுக்குப் புறப்பட்டபோது, சாரணர் இயக்கத்திலிருந்து இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். ஏறக்குறைய 1,700 பேர் விண்ணப்பித்தனர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மார், நார்மன் மூனி ஆகிய இருவர் தேர்வாயினர்.

கப்பல் சிறியது, கடலோ கொந்தளிப்பானது. மூனிக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளவே இல்லை. உணவு தங்காமல் துவண்டு போனார். மதேரா தீவை அடைந்ததும் அவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். நாடே பார்த்துக்கொண்டிருந்த பயணம் அது. எனினும் ஒரு பிள்ளையின் உடல்நிலைக்கு முன்னால் அந்தப் பெருமை பெரிதாகக் கருதப்படவில்லை. ஷாக்கில்டனும் திரும்பும் கலை அறிந்தவர்தான். 1909 ஜனவரியில் தென் துருவத்துக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவு வரை வந்துவிட்டு, மேலே சென்றால் உடன் வந்தவர்கள் உயிருடன் திரும்ப மாட்டார்கள் என்று கணக்கிட்டு, புகழைக் கைவிட்டுத் திரும்பியவர்.

உடன் சென்ற மார் பிற்காலத்தில் கடல் உயிரியல் அறிஞரானார். இரண்டாம் உலகப் போரின்போது தென் துருவப் பகுதிக்குச் சென்ற பிரிட்டிஷ் குழு ஒன்றுக்கு அவரே தலைமை தாங்கினார்.

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5

இதுவரை சொன்னவை பெருமைக்குரிய கதைகள். இனி வருவது துயரமானது. பெற்றோராகிய நாம் அறிந்திருக்க வேண்டியதும் இதுதான்.

லெவிக் தொடங்கிய அதே சங்கம் 2011 கோடையில் நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றது. ஆர்க்டிக் கடலில் உள்ள இந்தத் தீவுகள் துருவக் கரடிகளின் வாழிடம். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்திருந்தனர். ஒரு குழு, இரண்டு இளம் தலைவர்களின் பொறுப்பில், லாங்யியர்பியன் என்ற ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பனியாற்றின் அருகே கூடாரமிட்டுத் தங்கியிருந்தது.

ஆகஸ்ட் 5ஆம் தேதி காலை, அனைவரும் உறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு துருவக் கரடி கூடாரம் ஒன்றில் புகுந்தது. வயதான, பட்டினியால் மெலிந்த, பற்கள் பழுதான கரடி அது என்று பின்னர் தெரிந்தது. கூக்குரல் கேட்டு இரண்டு தலைவர்களும் வெளியே ஓடி வந்தனர். ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் சுட முயன்றார். பலமுறை விசையை இழுத்தும் குண்டு வெடிக்கவில்லை. கரடி அவர் மீதும் மற்றத் தலைவர் மீதும் பாய்ந்து முகத்திலும் தலையிலும் கடுமையாகக் காயப்படுத்தியது. அந்த நிலையிலும் அவர் ஒரு குண்டைத் தேடி எடுத்து, துப்பாக்கியில் இட்டு, கரடியைச் சுட்டு வீழ்த்தினார். அதற்குள் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்திருந்தார். மேலும் இரு மாணவர்கள் காயமுற்றனர்.

தலைவர்களின் துணிச்சலில் எவருக்கும் ஐயமில்லை. தம் உயிரைப் பொருட்படுத்தாமல் கரடியின் முன் நின்றவர்கள் அவர்கள். ஆனால் 2014இல் இங்கிலாந்தில் நடந்த மரண விசாரணையில் வெளிவந்த செய்திகள் நம்மைச் சிந்திக்க வைப்பவை. கூடாரங்களைச் சுற்றி ஒரு கம்பி கட்டப்பட்டிருந்தது. விலங்கு எதுவும் அதில் இடித்தால் வெடிச்சத்தம் எழுந்து எச்சரிக்க வேண்டும். அன்று சத்தம் எழவில்லை. அந்தச் சாதனத்தின் உதிரி பாகங்கள் சில இல்லாமல் போக, காகிதங்களைச் சேர்த்து வைக்கும் கிளிப்புகளைக் கொண்டு ஈடுகட்டியிருந்தார்கள். இரவில் முறை வைத்துக் காவல் இருக்கும் ஏற்பாடும் அன்று இல்லை. துப்பாக்கி வெடிக்காமல் போனது அதன் பாதுகாப்புத் தாழ் இருந்த நிலையால் நேர்ந்தது.

ஒரு சிறு உதிரி பாகம், ஓர் இரவுக் காவல், ஒரு துப்பாக்கித் தாழ். இவை ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் அற்பமானவை. புறப்படும் முன் ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்திருந்தால் முடிந்திருக்கக்கூடிய காரியங்கள். கரடி வந்த பிறகு துணிச்சல் தேவைப்பட்டது உண்மையே. ஆனால் அந்தத் துணிச்சல் தேவைப்படாமல் செய்வதே தலைவரின் முதல் வேலை.

இறந்த மாணவர் மருத்துவராக விரும்பியவர். முதுகெலும்பு அடிபட்டு நீண்ட காலம் படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்காக மருத்துவமனையில் ஒரு தோட்டம் இருந்தால் நல்லது என்று அவர் சொல்லி வந்திருந்தார். அவர் பெற்றோர் அதை நிறைவேற்றினர். 2012இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி மருத்துவமனையில், 'ஹொரேஷியோவின் தோட்டம்' என்று மகனின் பெயரிலேயே அது திறக்கப்பட்டது. பின்னர் பிரிட்டனின் வேறு மருத்துவமனைகளிலும் அதே பெயரில் தோட்டங்கள் அமைந்தன.

நம் நாட்டவரும் அங்கே

அதே ஸ்வால்பார்ட் தீவுகளில் நம் இந்தியாவின் ஆய்வு நிலையமும் இருக்கிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 2007இல் ரசிக் ரவீந்திரா தலைமையில் இந்தியாவின் முதல் ஆர்க்டிக் குழு அங்கு சென்றது. 2008 ஜூலை 1ஆம் தேதி நி-ஆலசுண்ட் என்ற சிற்றூரில் 'ஹிமாத்ரி' நிலையம் திறக்கப்பட்டது. வட துருவம் அங்கிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்தான். 2014இல் அவ்வூரை ஒட்டிய கடலுக்குள் நம்மவர் இறக்கிய அளவீட்டுக் கருவித் தொகுதியை உருவாக்கியதில், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு பெரிது.

அந்த ஊரின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. எவ்வளவு பெரிய விஞ்ஞானியானாலும், துப்பாக்கிப் பயிற்சி இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டித் தனியே ஆய்வுக்குப் போக முடியாது. வீட்டுக் கதவுகளைப் பூட்டும் வழக்கமும் அங்கு கிடையாது. கரடி வந்துவிட்டால் எவரும் எந்த வீட்டிலும் புகுந்துகொள்ளலாம் என்பதற்காக.

தென் துருவத்தில் நம்மவர் ஒருவர் தலைமை ஏற்றதையும் இங்கே சொல்ல வேண்டும். திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூரைச் சேர்ந்த ராணுவ அதிகாரி கர்னல் கணேசன், 1980களின் இறுதியில் இந்தியாவின் தட்சிண கங்கோத்ரி நிலையத்தில் குளிர்காலக் குழுவுக்குத் தலைமை தாங்கி 480 நாட்கள் தங்கியவர். அங்கிருந்து கொண்டுவந்த பாறையைத் தம் சொந்த ஊரில் மக்கள் பார்வைக்கு வைத்தார்.

கையெழுத்திடும் முன்

துருவத்துக்கு நம் பிள்ளைகள் போவது அரிது. ஆனால் மழைக்காலத்தில் கர்ஜத், லோணாவளா பக்கம் மலையேறப் போகாத மும்பைக் கல்லூரிப் பிள்ளைகள் குறைவு. வழுக்கும் பாறையும், திடீரென்று பெருகும் ஓடையும், பாதையை மறைக்கும் மூடுபனியும் நம் சஹ்யாத்ரியின் கரடிகள். ஆகவே படிவத்தில் கையெழுத்திடும் முன் அழைத்துச் செல்பவரிடம் சில கேள்விகள் கேட்பது நம் கடமை.

எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள்? அந்த மலைக்கு அதே பருவத்தில் அவர் முன்பு போயிருக்கிறாரா? முதலுதவி கற்றவர் யார்? கயிறும் மருந்துப் பெட்டியும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன? இரவில் காவல் யார்? ஒரு பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் அழைத்துக்கொண்டு திரும்புவது யார்? மழை வலுத்தால் எந்த இடத்தில் பயணத்தை நிறுத்துவீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சிரிப்பவரைவிட, "இந்த ஓடை வரை போவோம், தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் திரும்பிவிடுவோம்" என்று சொல்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். இப்படிக் கேட்பதை நல்ல தலைவர் எவரும் அவமதிப்பாகக் கருத மாட்டார். அவரே எதிர்பார்க்கும் கேள்விகள் இவை.

பயந்துகொண்டு பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருப்பதும் தீர்வல்ல. நம்மில் பலருடைய தாத்தாவும் அப்பாவும் பிழைப்புத் தேடி, மொழி தெரியாத இந்த மும்பைக்குத் துணிந்து வந்தவர்கள்தாம். அவர்களும் தெரிந்தவர் ஒருவரின் விலாசத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினார்கள். நம் பிள்ளைகளும் மலை ஏறட்டும், வாய்ப்புக் கிடைத்தால் துருவத்துக்கும் போகட்டும். யாருடன் போகிறார்கள் என்பதை மட்டும் நாம் நன்றாக விசாரித்து அனுப்புவோம்.