"சிஸ்டர், இது எதற்கு ஊசி?"

இரவு மணி 10. ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பெண்கள் வார்டு. அந்த வார்டில் இரண்டு லட்சுமிகள் படுத்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சர்க்கரை நோய். மற்றவருக்குக் காய்ச்சல்.

நர்ஸ் ஊசியோடு வருகிறார். "லட்சுமி யாரும்மா?" என்று கேட்கிறார். காய்ச்சலில் இருக்கும் லட்சுமி பாதித் தூக்கத்தில் கையை நீட்டுகிறார். பக்கத்தில் அவருடைய மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

"சிஸ்டர், இது எதற்கு ஊசி?" என்று மகள் கேட்கிறாள்.

"சர்க்கரைக்கு இன்சுலின் ஊசிம்மா."

"எங்கம்மாவுக்குச் சர்க்கரை இல்லீங்களே! காய்ச்சலுக்குத்தானே சேர்த்திருக்கோம்."

நர்ஸ் சீட்டைப் பார்க்கிறார். "நல்லவேளை, கேட்டியேம்மா!" என்கிறார். அடுத்த கட்டிலுக்குப் போகிறார்.

இது நாம் எண்ணிப் பார்த்த காட்சி. ஆனால் இப்படிப்பட்ட தவறுகள் உலகம் முழுவதும் நடக்கின்றன. அந்த மகள் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேவை இல்லாதவருக்கு இன்சுலின் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடும். வியர்க்கும். கை நடுங்கும். நினைவு தப்பும். உயிரே போகலாம். ஒரே ஒரு கேள்வி அதைத் தடுத்துவிட்டது.

தவறு ஏன் நடக்கிறது?

டாக்டரும் நர்சும் வேண்டுமென்று தவறு செய்வதில்லை. பல வார்டுகளில் ஒரு நர்ஸ் நிறைய நோயாளிகளைப் பார்க்க வேண்டும். இரவில் தூக்கம் இல்லை. சீட்டில் எழுத்து புரிவதில்லை. இரண்டு மருந்துகளின் பெயர் ஒன்று போல ஒலிக்கும். இரண்டு புட்டிகள் ஒன்று போல இருக்கும். ஒருவர் வாயால் சொன்னதை மற்றவர் தவறாகக் கேட்டுவிடுவார்.

இந்தத் தவறுகளைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஒரு பெரிய முயற்சியைத் தொடங்கியது. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17-ஆம் நாள் நோயாளிகள் பாதுகாப்பு நாளாக நடத்தப்படுகிறது.

ஐந்து சரிகள்

மருந்து கொடுக்கும் முன் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்று நர்சுகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அவற்றை நாமும் தெரிந்து கொள்வோம்.

1. சரியான ஆள். உங்கள் முழுப் பெயரை நீங்களே சொல்லுங்கள். வயதையும் சொல்லுங்கள். கையில் பெயர்ப் பட்டை கட்டியிருந்தால் அதைக் காட்டுங்கள்.

2. சரியான மருந்து. "இது எதற்கு மருந்து?" என்று கேளுங்கள். நேற்று வெள்ளை மாத்திரை, இன்று மஞ்சள் மாத்திரை என்றால் விழுங்கும் முன் கேளுங்கள்.

3. சரியான அளவு. 250, 500 என்று மாத்திரை அட்டையில் எண் இருக்கும். சீட்டில் உள்ள எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

4. சரியான வழி. சில மருந்து வாய் வழியாக. சில மருந்து ஊசி வழியாக. சில மருந்து தோலில் தடவ மட்டும். வழி மாறினால் ஆபத்து. டிரிப்ஸ் மெதுவாக இறங்குகிறதே என்று நீங்களே திருகிவிடாதீர்கள். சில மருந்துகள் வேகமாக ஏறினால் இதயமே நின்றுவிடும். நர்சைக் கூப்பிடுங்கள்.

5. சரியான நேரம். சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் என்ன பொருள்? காலையில் 1, மதியம் இல்லை, இரவில் 1. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்றும் கேளுங்கள்.

ஆங்கிலம் தெரியாதே!

மருந்தின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. "நமக்கு எப்படிப் புரியும்?" என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு எண் தெரியும். அளவு எண்ணில் இருக்கிறது. காலாவதி ஆகும் மாதமும் ஆண்டும் அட்டையில் அச்சாகி இருக்கும். அவற்றைப் பாருங்கள். சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே வடிவமா என்று பாருங்கள். வேறாக இருந்தால் கேளுங்கள். ஒரே மருந்து வேறு பெயரிலும் வரலாம். கேட்டால் சொல்வார்கள். பிறகு, "இது காய்ச்சலுக்கு, இது வயிற்றுக்கு" என்று உறையின் மேல் உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள்.

சீட்டில் மருந்தின் பெயரைப் புரியும்படி எழுத வேண்டும் என்று டாக்டர்களுக்கு 2016-இல் விதி வந்தது. "கொஞ்சம் தெளிவாக எழுதிக் கொடுங்கள், டாக்டர்" என்று நீங்கள் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

நாம் சொல்ல வேண்டியவை

ஆஸ்பத்திரியில் சேரும்போதே சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா? உடம்பில் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்ததா? பென்சிலின் ஊசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதை முதலிலேயே சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். பாரசிட்டமால் மாத்திரை பல பெயர்களில் விற்கிறது. சளி மாத்திரை சிலவற்றிலும் அது கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடிவிடும். ஈரல் கெடும்.

கர்ப்பமாக இருந்தாலும், குழந்தைக்குப் பால் கொடுத்தாலும் சொல்லுங்கள்.

வீடு திரும்பும் நாள்

ஊருக்குப் போகும் அவசரத்தில் தவறு நடக்கலாம். எந்த மருந்தைத் தொடர வேண்டும்? எதை நிறுத்த வேண்டும்? எத்தனை நாள்? கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூட்டு நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை வாரம் ஒரு முறைதான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு.

இன்சுலின் ஊசியிலும் கவனம் வேண்டும். நம் நாட்டில் 40 என்றும் 100 என்றும் இரண்டு வகை இன்சுலின் புட்டிகள் விற்கின்றன. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 இன்சுலினை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும்.

தவறு நடந்துவிட்டால்?

மறைக்காதீர்கள். பயப்படாதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தவறு உங்களுடையதாக இருந்தாலும் சொல்லுங்கள். மருந்து அட்டையையும் புட்டியையும் தூக்கி எறியாதீர்கள். சிகிச்சைக்கு அவை உதவும். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் அதைத் தர வேண்டும்.

மருந்தால் வரும் கெடுதல்களைப் பதிவு செய்ய நம் நாட்டில் 2010 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. 1800 180 3024 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. நோயாளியே பேசலாம். நீங்கள் சொல்வது இன்னொருவர் உயிரைக் காப்பாற்றலாம். ஆனால் அவசரம் என்றால் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

அந்த மகள் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. தாய்க்கு என்ன நோய் என்று அவளுக்குத் தெரியும். கேட்க அவள் கூச்சப்படவில்லை. நமக்கும் எழுத்து தெரிந்துவிட்டது. எண்ணும் தெரிந்துவிட்டது. இனி மருந்தைப் பார்ப்போம், படிப்போம், கேட்போம். பிறகுதான் விழுங்குவோம்.

யோசியுங்கள்:

உங்கள் வீட்டில் உள்ள ஒரு மாத்திரை அட்டையை எடுங்கள். அதன் அளவு என்ன? காலாவதி மாதம் எது? அது யாருக்கு, எதற்காக வாங்கிய மருந்து? ஒரு தாளில் எழுதுங்கள்.