படகுக்காரர் அதட்டினால் கோபப்படாதீங்க!

எங்க எருமப்பட்டிப் பக்கம் படகில் ஏறுகிற வேலையே இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு மோகனூர் போய்க் காவேரியில் முங்கி எழுந்து வருவதோடு சரி. அதனாலோ என்னவோ, போன வருஷம் பூலாம்பட்டியில் நாங்கள் நடந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நாத்தனார் வீடு சேலம் மாவட்டம் பூலாம்பட்டியில். அவர் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க, எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் கிளம்பினோம். பூ, பழத் தட்டுகளோடு இருபது பேர். ஏற்கெனவே ஆட்கள் இருந்ததால், "பாதிப் பேர் அடுத்த நடையில வாங்க" என்றார் படகுக்காரர். நல்ல நேரம் போயிடும்னு எங்க ஆளுங்க சண்டைக்கே போய்விட்டார்கள். அவர் அசையவில்லை, பாதிப் பேரை இறக்கிவிட்டுத்தான் படகை எடுத்தார்.

கொடுத்த மிதவைச் சட்டையை, பட்டுப்புடவை கசங்கும் என்று மடியில் வைத்துக்கொண்டோம். நடு ஆற்றில், "அதோ கொக்குக் கூட்டம்!" என்று ஒருத்தி எழுந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர் எழுந்தோம். படகு சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. "உக்காருங்கம்மா!" என்று அவர் அதட்டிய பிறகுதான் உட்கார்ந்தோம். அப்போதும், "மரியாதையில்லாம கத்துறாரே" என்று முணுமுணுத்தோமே தவிர, என் பெண்ணின் மிதவைச் சட்டைக் கொக்கியை மாட்ட எனக்குத் தோன்றவில்லை.

2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர், 2023 மே 7-ம் தேதி கேரளத்துத் தானூரில் 22 பேர். இந்த இரண்டு படகுகளிலும் அளவுக்கு மீறி ஆட்கள். இதெல்லாம் வீடு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்து, ராத்திரி தூக்கமே வரவில்லை.

சகோதரிகளே, படகில் ஏறியதும் முதலில் குழந்தைகளின் மிதவைச் சட்டைக் கொக்கியை மாட்டுங்கள். பிறகு நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சமமாக உட்காருங்கள். எழுந்து நின்றோ, விளிம்பில் சாய்ந்தோ போட்டோ வேண்டாம். ஆறு நமக்கு மட்டும் சொந்தமில்லை. பரிசலில் வலை போடுகிறவர்களும், துறையில் குளிக்கிறவர்களும் இருப்பார்கள். விசைப்படகு வேகமாகப் போனால் அந்த அலையில் பரிசல் ஆடிப்போகும். அதனால், "வேகமா விடுங்க" என்று படகுக்காரரை அவசரப்படுத்தக் கூடாது. தின்ற பாலிதீன் பையை ஆற்றில் வீசவும் கூடாது.

முக்கியமாக, கூட்டம் அதிகமென்றால், "அடுத்த நடையில போகலாம்" என்று நாமே முதலில் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நல்ல நேரம் தவறினால் இன்னொரு நல்ல நேரம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் படகுக்காரருக்கு அன்றைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் இறங்கிப் போனேன். இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

- ஒரு வாசகி, எருமப்பட்டி