வெள்ளை வால் நோய்: சில நாட்களில் குஞ்சுகளைக் காலி செய்யும் வைரஸ்... நன்னீர் இறால் விவசாயிகள் தப்பிப்பது எப்படி?

ஹேட்சரியில் இருந்து வாங்கி வந்த இறால் குஞ்சுகள் நேற்று வரை துள்ளிக்கொண்டு இருந்தன. இன்று சில குஞ்சுகளின் வால் மட்டும் பால் போல வெளுத்திருக்கிறது. நீரின் கோளாறு என்று நினைத்துச் சும்மா இருந்தால், அடுத்த 5 முதல் 7 நாட்களுக்குள் தொட்டியே காலியாகிவிடலாம். 'ஸ்கேம்பி' எனப்படும் நன்னீர் இறாலைத் தாக்கும் வெள்ளை வால் நோய் இப்படித்தான் வேலை காட்டும்.

எங்கிருந்து வந்தது?

கரீபியன் பகுதியில் உள்ள குவாடலூப் தீவில் 1990-களில் முதலில் தெரியவந்தது. பிறகு சீனா, தாய்லாந்து, தைவான் என்று பரவியது. இந்தியாவில் 2000-களின் தொடக்கத்தில், ஸ்கேம்பி வளர்ப்புக்குப் பெயர்போன ஆந்திராவின் நெல்லூர் பகுதி அடி வாங்கியது.

நோய்க்குப் பின்னால் இரண்டு வைரஸ்கள் இருக்கின்றன. முக்கியக் குற்றவாளி எம்.ஆர்.என்.வி. அதன் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது 'எக்ஸ்ட்ரா ஸ்மால் வைரஸ்'. பெயருக்கு ஏற்றபடி இதன் அளவு வெறும் 15 நானோமீட்டர்தான். இது தனியாகப் பெருக முடியாது, எம்.ஆர்.என்.வி-யின் துணை வேண்டும்.

பெரிய இறால் சாகாதா?

சாகாது. பிரச்னையே அதுதான். வளர்ந்த இறால் வைரஸைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாகவே தெரியும். அதையே தாய் இறாலாக ஹேட்சரியில் விட்டால், முட்டை வழியாக நோய் அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். தண்ணீர், தீவனமாகக் கொடுக்கும் ஆர்ட்டீமியா, குளத்துப் பூச்சிகள் மூலமாகவும் பரவலாம்.

மருந்து இருக்கிறதா?

இல்லை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு மட்டும்தான் வேலை செய்யும், வைரஸுக்கு அல்ல. கொட்டினால் பணம்தான் வீண். நமக்கு இருப்பது போல ஆன்டிபாடி உருவாக்கும் அமைப்பு இறாலுக்குக் கிடையாது. அதனால் கோழிக்குப் போடுவது போல ஒரு தடுப்பூசி போட்டுச் சமாளிக்கவும் முடியவில்லை. ஆக, நோய் குளத்துக்குள் வருவதற்கு முன்பே தடுப்பதுதான் ஒரே வழி.

'பி.சி.ஆர் நெகட்டிவ்' என்றால் போதுமா?

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். கடலோரப் பண்ணைகளில் வளரும் வனாமி இறாலுக்கு வழக்கமாகப் பார்ப்பது வெண்புள்ளி வைரஸ் சோதனை. அது டி.என்.ஏ வைரஸ். வெள்ளை வால் நோயைக் கொடுப்பவை ஆர்.என்.ஏ வைரஸ்கள். எனவே வெண்புள்ளி 'நெகட்டிவ்' சான்றிதழ் இதற்கு உதவாது. 'எம்.ஆர்.என்.வி-க்கான ஆர்.டி-பி.சி.ஆர் செய்தீர்களா?' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எத்தனை குஞ்சுகளைச் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். 100-ல் 2 குஞ்சுகளுக்கு மட்டும் நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 குஞ்சுகளைச் சோதித்தால் நோய் சிக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். 150 குஞ்சுகளை எடுத்தால், அதில் நோயுள்ள குஞ்சு ஒன்றாவது வந்துவிட 95% வாய்ப்பு உண்டு.

இந்த நோய் குறித்த ஆய்வில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் உள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் ஆய்வகத்தை, வெள்ளை வால் நோய்க்கான மேற்கோள் ஆய்வகமாக உலக விலங்கு நல அமைப்பு அங்கீகரித்தது.

விவசாயிகள் என்ன செய்யலாம்?

* தாய் இறால், குஞ்சு இரண்டுக்கும் சோதனை நடந்த ஹேட்சரியில் மட்டும் வாங்குங்கள்.
* அறுவடைக்குப் பின் குளத்தை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பு போட்ட பிறகே அடுத்த முறை குஞ்சு விடுங்கள்.
* ஒரு குளத்தின் வலை, வாளியை அப்படியே அடுத்த குளத்தில் இறக்காதீர்கள்.
* வால் வெளுத்தால் உடனே சோதனைக்கு அனுப்புங்கள். ஆக்சிஜன் குறைவு, திடீர் வெப்ப மாற்றம் போன்றவற்றாலும் சதை வெளுக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.
* நோய் உறுதியானால் அந்தத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமி நீக்கிய பிறகே வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் அடுத்தது பக்கத்துக் குளம்தான்.

சரி, இறால் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். இந்த வைரஸ்கள் மனிதர்களைத் தாக்குவதில்லை. இழப்பு முழுக்க வளர்ப்பவருக்குத்தான். குஞ்சு வாங்கிய காசோடு, அந்தப் பருவத்தின் வருமானமும் சேர்ந்தே போய்விடும். சோதனைக்கு ஆகும் செலவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.