காலி பாட்டிலுக்கும் காசு!

எங்கள் பந்தல்குடிப் பக்கம் பெட்டிக்கடையில் கோலி சோடா குடித்தால், பாட்டிலை அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா? பாட்டிலுக்கு ஈடாகக் கொஞ்சம் காசு கட்டிவிட்டுத்தான் நகர முடியும். ஜெர்மனியில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்!

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர்கள் பலர் ஜெர்மனியில் குடியேறினார்கள். ஹம் என்ற நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோவிலுக்கு 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. இப்போது தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் படிப்புக்காகவும் வேலைக்காகவும் அங்கே போகிறார்கள். போன முதல் வாரத்திலேயே அவர்களைத் திணற வைப்பது மளிகைக் கடைதான்.

விலைச் சீட்டைப் பாருங்கள். 1,99 என்று கமா போட்டிருக்கும். ஒரு யூரோ 99 சென்ட் என்று பொருள். ஆயிரத்தையோ 1.000 என்று புள்ளி வைத்து எழுதுவார்கள். நமக்கு நேர் எதிர்! கணக்கில் புலியான பிள்ளையும் கொஞ்ச நாள் தடுமாறத்தான் செய்யும்.

பெரிய கடைகளில் தள்ளுவண்டிகளை ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்திருப்பார்கள். ஒரு யூரோ நாணயத்தைச் செருகினால் வண்டி விடுபடும். திரும்பக் கொண்டுவந்து பூட்டினால் நாணயம் வெளியே வரும். வண்டியை நடுவழியில் போட்டுவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்? கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்தபடியே மளமளவென்று பொருள்களைத் தள்ளுவார். பையில் அடுக்குவது நம் வேலை. பையும் நாமே கொண்டுபோக வேண்டும். நம் மஞ்சப்பை அங்கே நன்றாக உதவும். ஞாயிற்றுக்கிழமை அநேகமாக எல்லாக் கடைகளுக்கும் விடுமுறை. சனிக்கிழமை மாலை பால் வாங்க மறந்தவர், திங்கள் வரை கடுங்காப்பிதான்!

இனி பாட்டில் விஷயத்துக்கு வருவோம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டப்பாவுக்கும் 25 சென்ட் முன்பணம். நம் காசில் ஏறக்குறைய 25 ரூபாய். இது 2003-ல் தொடங்கியது. இதற்கு ‘ஃபான்ட்’ என்று பெயர். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வாயில் வைத்தால், அதன் மேல் அச்சிட்ட கோடுகளைப் படித்துப் பார்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு சீட்டு தரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம். நம் ஊரில் தண்ணீரைக் குடித்ததும் பாட்டிலை நசுக்கிப் போடுகிறோம் அல்லவா? அங்கே நசுக்கினால் இயந்திரம் கோடுகளைப் படிக்க முடியாமல் துப்பிவிடும்!

இருபது பாட்டில் சேர்த்தால் ஐந்து யூரோ. அதை நம்பியே தெருத்தெருவாகப் போகும் முதியவர்களும் இருக்கிறார்கள். ஓய்வூதியம் போதாமல், ரயில் நிலையக் குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். பணக்கார நாட்டிலும் இப்படியா என்று எனக்கு வியப்பாக இருந்தது. உடைந்த கண்ணாடி அவர்கள் கையைக் கிழித்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் காலி பாட்டிலைத் தொட்டிக்குள் போடுவதில்லை. அவர்கள் எடுத்துக்கொள்ள வசதியாகத் தொட்டியின் அருகிலேயே நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள்.