சுமை தூக்கும் இரும்புக் கரங்கள்

மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

காலையில் பல் துலக்கும் பற்பசையும், இட்லிக்கு ஊற வைக்கும் அரிசியும், பள்ளியில் எழுதும் நோட்டுப் புத்தகமும் கடைக்கு வருமுன் எங்கே இருந்தன என்று நாம் என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? அவை யாவும் ஏதோ ஒரு கிடங்கில், கூரையைத் தொடும் அடுக்குகளில் காத்திருந்தவையே. அங்கே அவற்றை ஏற்றி, இறக்கி, அடுக்கி ஓயாது உழைக்கும் ஒரு சிறு வண்டி உண்டு. அதுதான் ஃபோர்க்லிஃப்ட். முன்புறம் இரண்டு நீண்ட இரும்பு முட்களை நீட்டிக்கொண்டு முட்கரண்டி போல் நிற்பதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை, சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு கிடங்கில் இவ்வண்டியை ஓட்டுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் நால்வர் அவர் வீட்டிற்குச் சென்றோம். அந்த மாமாவிடம் கேட்டறிந்தவற்றையும் நூல்களில் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

இவ்வண்டிக்கு வயது நூறுக்கு மேல். அமெரிக்காவில் கிளார்க் நிறுவனம் 1917ஆம் ஆண்டில் தன் தொழிற்சாலைக்குள் பொருள்களை எடுத்துச் செல்ல ஒரு சுமைவண்டியைச் செய்தது. முட்களால் சுமையை உயரே தூக்கும் வண்டியை யேல் நிறுவனம் 1923இல் கொண்டு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படைகளுக்கு மலை மலையாகப் பொருள்கள் அனுப்ப வேண்டியிருந்ததால், இவ்வண்டியும் ‘பேலட்’ எனப்படும் மரத்தட்டும் எங்கும் பரவின.

இதன் தத்துவமோ நம் பௌதிகப் பாடத்தில் படிப்பதுதான். பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசாப் பலகையை நினைத்துக்கொள்வோம். வண்டியின் முன் சக்கரங்களே அதன் நடுத்தாங்கி. முன்னால் முட்களின் மேல் சுமை. பின்னால் அதற்கு ஈடாகக் கனத்த இரும்பு எடை. “2,500 கிலோ தூக்கும்” என்று வண்டியின் தகட்டில் பொறித்திருந்தால், எப்படி வைத்தாலும் தூக்கும் என்று பொருளல்ல. சுமையின் மையம் முட்களின் அடிப்பகுதியிலிருந்து குறிப்பிட்ட தூரத்திற்குள், பெரும்பாலும் 500 மில்லிமீட்டருக்குள், இருக்க வேண்டும். சுமை முன்னே தள்ளிப் போனால் திருப்புத்திறன் கூடி வண்டி குப்புறச் சாயும். உயரத் தூக்கியபடி வேகமாகத் திரும்பினால் பக்கவாட்டில் கவிழும்.

“எனக்கு ரொம்ப வேண்டியவர் ஒருத்தர் இருந்தாரம்மா” என்று மாமா சற்றே குரல் தாழ்த்திச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு கிடங்கில், குனிந்து பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த அந்தத் தொழிலாளியின் காலின் மீது வண்டியின் பின் சக்கரம் ஏறிவிட்டதாம். மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஓட்டியவர் மீது குற்றமில்லை என்கிறார் மாமா. காரைப் போலன்றி இவ்வண்டி பின் சக்கரங்களால் திரும்புவது. ஆகவே திரும்பும்போது அதன் பின்பகுதி வெளிப்புறமாக வீசும். முன்னால் உள்ள சுமை ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். மின்சார வண்டியாயின் ஓசையும் அதிகமிராது. எடையோ ஏறத்தாழ 4 டன்!

இத்தகைய துயரங்களைத் தடுக்கவே புதிய தொழில்நுட்பம் முதலில் கை கொடுக்கிறது. 1990களின் இறுதியில் டொயோட்டா நிறுவனம் தன் வண்டிகளில் உணர்கருவிகளைப் பொருத்தியது. சுமையின் எடை, அது தூக்கப்பட்ட உயரம், திரும்பும் வேகம் ஆகியவற்றை அவை கணக்கிடுகின்றன. வண்டி சாயும் அபாயம் தோன்றினால், நடுவில் ஊசலாடும் பின் அச்சைப் பூட்டி வண்டியை நிலையாக நிறுத்துகின்றன. உயரே தூக்கிய சுமை அளவுக்கு மீறி முன்னே சாயாதபடியும் தடுக்கின்றன. இன்று பல வண்டிகளில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால்தான் வண்டி நகரும். வண்டிக்குச் சில மீட்டர் தள்ளித் தரையில் ஒரு நீல ஒளிப்பொட்டு விழும். மூலை திரும்பும் முன்பே அந்த ஒளி “நான் வருகிறேன், விலகி நில்” என்று நடப்பவரை எச்சரிக்கிறது. எவ்வளவு எளிய யோசனை! அந்த நீலப் பொட்டு அன்றே இருந்திருந்தால் மாமாவின் நண்பர் இன்று நொண்டாமல் நடப்பார் அன்றோ?

அடுத்தது மின்கலம். பழைய ஈய அமில மின்கலத்திற்கு மின்னேற்ற ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். பிறகு அது ஆறவும் வேண்டும். அடிக்கடி காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அந்த இடத்தில் நல்ல காற்றோட்டம் தேவை. இப்போது லித்தியம் அயனி மின்கலங்கள் வந்துள்ளன. தேநீர் இடைவேளையில் சிறிது, உணவு இடைவேளையில் சிறிது என மின்னேற்றிக்கொள்ளலாம். நீர் ஊற்றும் வேலையும் இல்லை. 1991இல் கடைக்கு வந்த இந்த மின்கலத்தை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கு 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஈய மின்கலத்தின் கனமே வண்டிக்குப் பின் எடையாக உதவி வந்தது. லித்தியம் மின்கலம் எடை குறைந்தது. எனவே அதனுடன் வேண்டுமென்றே இரும்பு எடை சேர்க்கிறார்கள்!

எல்லாவற்றினும் வியப்பானது ஓட்டுநரில்லா வண்டி. அதன் தலையில் சுழலும் ‘லைடார்’ என்னும் கருவி நாற்புறமும் லேசர் ஒளியை வீசுகிறது. வௌவால் ஒலியின் எதிரொலியால் வழியறிவது போல, இக்கருவி திரும்பி வரும் ஒளியால் தூரத்தை அறிகிறது. 3 மீட்டர் தூரத்தில் ஒருவர் நின்றால், ஒளி அவரைத் தொட்டுத் திரும்ப ஒரு விநாடியில் 5 கோடியில் ஒரு பங்கு நேரமே ஆகும். அதையும் அளந்து, தன் மனத்தில் ஒரு வரைபடம் தீட்டி, தடை கண்டால் வண்டி தானே நின்றுவிடும்.

இதைக் கேட்டதும் எங்கள் தோழி, “அப்படியானால் உங்கள் வேலை என்னாகும் அப்பா?” என்று கேட்டாள். நாங்கள் அனைவரும் மௌனமானோம். கேட்க எண்ணியும் கேட்கத் தயங்கிய கேள்வி அது.

மாமா சிறிது நேரம் கழித்துச் சொன்னார்: “என் அப்பா அரிசி மண்டியில் நூறு கிலோ மூட்டையை முதுகில் சுமந்தவர். ஐம்பது வயதிலேயே அவரால் நிமிர முடியவில்லை. இந்த வண்டி வந்ததால்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், புது வண்டி வரும் நாளில் எனக்கும் அதைக் கற்றுத் தர வேண்டும். வீட்டுக்குப் போ என்று சொல்லக் கூடாது.”

எவ்வளவு பொருள் பொதிந்த சொற்கள்! ஓட்டுநரில்லா வண்டிக்கும் வழி வகுக்க, பழுது பார்க்க, மேற்பார்வையிட ஆட்கள் வேண்டும். ஆயினும் ஐந்து பேர் செய்த வேலையை இருவர் செய்யும் நிலை வரும்போது, மீதி மூவரை யார் நினைப்பது? இக்கேள்விக்கு லைடாரிடம் விடையில்லை. அது மனிதர் சொல்ல வேண்டிய விடை.

விஞ்ஞானம் முதுகின் சுமையை இறக்கி வைத்தது. மனத்தின் சுமையை இறக்கி வைப்பது நம் கடமை. எங்கள் தோழி பொறியியல் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். அவள் செய்யும் வண்டியில் அவள் அப்பாவுக்கும் ஓர் இடம் இருக்கும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். இனிக் கடையில் ஒரு பொருளை வாங்கும்போது, அதை நம்மிடம் சேர்த்த அந்த இரும்புக் கரங்களையும், அவற்றை இயக்கிய மனிதக் கரங்களையும் நன்றியுடன் நினைப்போமாக!