பருத்தியில் உரச்சாக்கு இழை கலந்தால் என்ன ஆகும்?

பாபநாசம், கும்பகோணம், திருவிடைமருதூர் பகுதிகளில் சம்பா, தாளடி அறுவடை முடிந்த வயல்களில் பருத்தி சாகுபடி நடக்கிறது. பாபநாசம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மறைமுக ஏலத்தில் விற்றதும் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால், அந்தப் பஞ்சு துணியாகி, பழந்துணியாகும் வரை மண்ணையும் தண்ணீரையும் பாதிக்கிறது. அதில் ஒரு பகுதியைக் குறைப்பது நம் கையில்தான் உள்ளது.

சாயக்கழிவும் காவிரியும்

துணி உற்பத்தியில் தண்ணீரை அதிகம் கெடுப்பது சாயமேற்றும் வேலை. பருத்தியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு சேர்க்கிறார்கள். திருப்பூர் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்ததால், பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு உதவாமல் போனது. அந்த நொய்யல், கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மறுசுழற்சியில் லாபமும் குறையும்

பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத் துணிகளை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓபன் எண்ட் மில்களில் மீண்டும் நூலாக்குகிறார்கள். பழைய நிறமே நூலில் வருவதால் சாயமும் தண்ணீரும் மிச்சமாகும். ஆனால், கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும். அதனால் மெல்லிய நூல் எடுக்க முடியாது. புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலக்க வேண்டியிருக்கும். பருத்தி மண்ணில் மக்கும், பாலியஸ்டர் எளிதில் மக்காது. எனவே சுத்தமான புதுப் பஞ்சின் தேவை தொடரும்.

சாக்கு இழையால் வரும் நஷ்டம்

உரச்சாக்கு ஒரு வகை பிளாஸ்டிக். அதன் இழை பஞ்சில் கலந்தால் அரவையில் முழுவதும் பிரியாது. பருத்திக்குப் போடும் சாயம் அதில் ஏறாது. துணியில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தத் துணியைக் கழித்துவிட்டால் அதற்குச் செலவான தண்ணீர், சாயம், மின்சாரம் எல்லாம் வீண். கலப்படம் உள்ள பருத்திக்கு ஏலத்தில் விலையும் குறையும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

* பருத்தி எடுக்கவும் மூட்டை கட்டவும் பருத்தித் துணி அல்லது பழைய பருத்திப் புடவையைப் பயன்படுத்தவும். பருத்தி நூலாலேயே கட்டவும்.
* எடுப்பவர்கள் தலையில் துணி கட்டிக்கொண்டால் தலைமுடி கலக்காது.
* பிய்ந்த தார்ப்பாயில் காய வைக்க வேண்டாம்.
* கறை பட்ட, புழு அரித்த பருத்தியைத் தனியே வைக்கவும்.
* ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சினால் தண்ணீர் மிச்சமாகும்.
* இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கவும். ஒரு பொறியில் தொடர்ந்து 3 நாள், நாளுக்கு 8 அந்துப்பூச்சிகள் விழுந்தால் மருந்து அடிப்பது பற்றி வேளாண் அலுவலரிடம் கேட்கவும். நாள் கணக்கு வைத்து அடிக்க வேண்டாம்.
* கடைசி எடுப்பு முடிந்ததும் செடிகளைத் தூளாக்கி உழுதுவிடவும். விறகுக்காகக் குவித்து வைத்தால் காய்ப்புழு அதில் தங்கி அடுத்த பட்டத்துக்கு வரும்.

மூட்டைக்குத் துணி தேடுவது சிறு வேலைதான். அது நம் விலையையும் காக்கும், தண்ணீரையும் மிச்சப்படுத்தும்.